கடைசி முத்து எங்கே விழும்?

குழந்தைகளின் சிந்தனைத் திறனை வளர்ப்பதாகச் சொல்லி விற்கப்படும் விளையாட்டுப் பொருள்கள் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. பிறந்தநாளுக்கு வந்தவை, உறவினர்கள் ஆசையாக வாங்கித் தந்தவை என்று சேர்ந்து, இப்போது பெரும்பாலும் பரணில் கிடக்கின்றன. அவை எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் பல, சரியான பொத்தானை அழுத்தினால் பாடியும் தவறான பொத்தானை அழுத்தினால் கத்தியும் தீர்ப்பைத் தாமே வழங்கிவிடுகின்றன. பிள்ளையும் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறது. பல்லாங்குழியில் அப்படி யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. கணக்குத் தப்பினால் கடைசி முத்து நினைத்த குழியில் விழாது, அவ்வளவுதான். தான் எண்ணியது சரியா தவறா என்பதைப் பிள்ளை தன் கையாலேயே தெரிந்துகொள்ள முடிகிறதா என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான் வீட்டில் எந்த விளையாட்டை, எந்தக் கைவேலையைத் தொடர்வது என்று முடிவு செய்கிறேன். அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடித்தவை பெரும்பாலும் காசு செலவில்லாதவையாகவே இருந்தன.

பல்லாங்குழியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆக 14. எங்கள் வீட்டு வழக்கப்படி குழிக்கு 5 வீதம் 70 புளியமுத்துகள் வேண்டும். ஆறு போடும் வீடுகளும் பன்னிரண்டு போடும் வீடுகளும் உண்டு. தன் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அதற்கடுத்த குழியில் இருப்பதை அள்ளித் தொடரலாம். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொண்டு ஆட்டத்தை எதிராளிக்கு விட வேண்டும். நடுவில் ஏதேனும் ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். விதிகள் இவ்வளவே. ஆனால் எந்தக் குழியிலிருந்து தொடங்குவது என்பதில்தான் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. என் ஆறு வயது மகன் முத்து நிறைய இருக்கும் குழியைத்தான் அள்ளுவான். ஒன்பது வயது மகள் அள்ளுவதற்கு முன்னால் விரலால் காற்றில் குழிகளைத் தொட்டுக்கொண்டே போவாள். அவர்களுடைய ஆச்சி, அதாவது என் அம்மா, பலகையைப் பார்ப்பதுபோலவே தெரியாது. ஆனால் கை நிற்கும் இடத்தை ஒரு சுற்றுக்கு முன்பே அறிந்திருப்பார். "எங்கே போய் நிக்கும்னு பார்த்துட்டு எடு" என்பதைத் தவிர அவர் பேரப்பிள்ளைகளுக்கு வேறெந்தப் பாடமும் நடத்தியதில்லை.

முதல் ஆட்டத்துக்கு எது ராசியான குழி என்று பிள்ளைகள் இருவருக்கும் ஒரு நாள் சண்டை வந்தது. மகனுக்கு நடுக்குழி, மகளுக்கு இடது ஓரம். இருவரும் ஏழு குழிகளையும் மாற்றி மாற்றித் தொடங்கிப் பார்த்தால், எல்லாவற்றிலும் கடைசியில் கைக்கு வருவது 7 முத்துகள்தாம். சந்தேகப்படுகிறவர்கள் குழிக்கு ஐந்து வைத்து, மேலே சொன்ன விதிப்படி ஆடிப் பார்க்கலாம்: முதல் அள்ளலில் ஆறாவது குழியில் கை காலியாகும், ஏழாவதை எடுப்போம், பன்னிரண்டில் காலியாகும், பதின்மூன்றை எடுப்போம், இப்படியே போய் வெறுங்குழியைத் தடவும்போது அடுத்த குழியில் ஏழு இருக்கும். எல்லாக் குழிகளிலும் ஒரே எண்ணிக்கை இருக்கும்போது, பலகையைச் சுற்றி வரும் ஆட்டத்துக்கு எந்தக் குழியும் எந்தக் குழிக்கும் மேல் இல்லை. இதை நான் விளக்க வாயெடுப்பதற்குள் மகள், "எல்லாக் குழியும் ஒண்ணுதான், வட்டம்ல" என்று முடித்துவிட்டாள். உயர்கல்வியில் சமச்சீர்மை என்று வகுப்பெடுக்கும் விஷயத்தின் தொடக்கம் அதுவே. இரண்டாவது ஆளின் முறை வரும்போது இந்தச் சமம் குலைந்திருக்கும். உண்மையான ஆட்டம் அங்கே தொடங்குகிறது.

துணைக்கு ஆள் இல்லாதபோது தனியாக ஆடுவதற்குச் சீதைப் பாண்டி என்று ஒன்று உண்டு. அசோகவனத்தில் சீதை ஆடியதாகக் கதை சொல்வார்கள். நாங்கள் ஆடும் வகையில் ஏழு குழிகள் போதும். அவற்றில் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2, 1 என்று முத்துகளை வைக்க வேண்டும். ஏழு உள்ள குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டு வந்தால், ஏழாவது முத்து அள்ளிய குழியிலேயே வந்து விழும். இப்போது பலகையில் இருப்பது 1, 7, 6, 5, 4, 3, 2. மறுபடியும் ஏழு உள்ள குழியை அள்ளினால் 2, 1, 7, 6, 5, 4, 3. ஏழு முறை அள்ளியதும் தொடங்கிய நிலைக்கே பலகை திரும்பிவிடும். இதில் வெற்றி தோல்வி எதுவும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் இதை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் வரிசை கலைந்துவிடும் என்று எதிர்பார்க்கும் மனத்துக்கு அது கலையாமல் நகர்வது வியப்பாக இருக்கிறது. அடுத்த கேள்வியை மட்டும் பெரியவர்கள் தூண்டிவிட வேண்டும்: ஐந்து குழிகளில் 5, 4, 3, 2, 1 என்று வைத்தால் இது நடக்குமா? பத்துக் குழிகளில்? நடக்கும், ஆனால் அதைச் சொல்லாமல் இருப்பதுதான் நம் வேலை.

முத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்க்க அழகாக இருக்கிறது என்று கறுப்புப் புள்ளியுள்ள சிவப்புக் குன்றிமணியைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அதைக் கடித்து விழுங்கினால் கடும் நஞ்சு. புளியமுத்தும் சோழியும் போதும். எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் பலகையை மேசைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

தாயத்தை அதிர்ஷ்ட விளையாட்டு என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அது நிகழ்தகவின் முதல் பாடப் புத்தகமாகத் தெரிகிறது. பித்தளைத் தாயக்கட்டை ஒன்றில் நான்கு பக்கங்கள்: ஒன்றில் புள்ளி இருக்காது, மற்றவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டு கட்டைகளை உருட்டினால் விழக்கூடிய வகைகள் 16. இவற்றில் 1 விழ, அதாவது தாயம் விழ, 2 வழிகள் உள்ளன. 2 விழ 3 வழிகள். 3 விழ 4 வழிகள். 4 விழ 3. 5 விழ 2. 6 விழ ஒன்று. இரண்டு கட்டைகளும் வெறும் பக்கமாக விழுந்தால் 12, அதற்கும் ஒன்றே வழி. இப்போது நம் வீட்டு விதியை நினைத்துப் பாருங்கள். மறுபடி உருட்டும் வாய்ப்பு எவற்றுக்குக் கிடைக்கிறது? 1, 5, 6, 12 ஆகியவற்றுக்கு. அடிக்கடி விழும் 2, 3, 4 ஆகிய மூன்றுக்கும் ஒன்றும் கிடையாது. அரிதாக விழுவதற்குப் பரிசு வைத்த அந்த முன்னோர் யாரென்று தெரியாது, ஆனால் கட்டையை நன்றாகக் கவனித்தவர்கள்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் சுவை போய்விடும். நோட்டில் ஒரு பக்கத்தை எடுத்து 1, 2, 3, 4, 5, 6, 12 என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு உருட்டலுக்கும் ஒரு கோடு போடச் சொன்னேன். பக்கம் நிறைவதற்கு முன்பே மூன்றின் கீழே கோடுகள் நெருக்கியடித்து நின்றன. மகன் தாயக்கட்டைக்கு மூன்று பிடிக்கும் என்றான். மகள் சற்று நேரம் கட்டைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் இரண்டும் சேர்ந்தாலும் மூன்று, வெறும் பக்கமும் மூன்றும் சேர்ந்தாலும் மூன்று என்று எழுதத் தொடங்கினாள். கட்டை இல்லாத வீட்டில் நான்கு புளியமுத்துகளை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும் வரை சிமெண்டுத் தரையில் உரசினால் போதும். வெள்ளை எத்தனை விழுகிறதோ அதுவே எண். உரசும் வேலையை அவர்களிடமே விட வேண்டும். ஒரு முத்தைக் கூடுதலாக உரசிவிட்டால் அது ஒரே பக்கமாக விழ ஆரம்பிக்கும், அதைக் கண்டுபிடித்து "இது கள்ள முத்து" என்று விலக்குவது தனி மகிழ்ச்சி.

சிறு பிள்ளைகளுக்குப் பரமபதம் தாயத்தைவிடப் பொருத்தமானது, ஏனெனில் அதன் கட்டங்களில் எண்கள் எழுதப்பட்டிருக்கின்றன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடுவது என்ற அளவில் அது ஒதுங்கிவிட்டது வருத்தம்தான். அமெரிக்காவில் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் குறைந்த வருமானக் குடும்பங்களின் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் 1 முதல் 10 வரை வரிசையாக எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தினார்கள். இன்னொரு குழுவினருக்கு அதே பலகை, ஆனால் எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள். இரண்டு வாரங்களுக்குள் கால் மணி நேர அளவிலான சில அமர்வுகள்தாம். எண் பலகையில் ஆடியவர்கள் எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரிது என்று ஒப்பிடுவதிலும், எண்கோட்டில் ஓர் எண்ணின் இடத்தை மதிப்பிடுவதிலும் முன்னேறினார்கள். வண்ணப் பலகையில் ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் தென்படவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு சிறு விதி இருந்தது. ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காயை இரண்டு நகர்த்தும்போது "ஒன்று, இரண்டு" என்று எண்ணக் கூடாது. "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டே நகர்த்த வேண்டும். இதை எங்கள் பரமபதத்தில் புகுத்தியபோது மகன் சில ஆட்டங்கள் வரை முனகினான். பிறகு பதினேழில் நின்றுகொண்டு பாம்பின் தலை இருபத்திரண்டில் இருப்பதைப் பார்த்து, "அஞ்சு மட்டும் விழக் கூடாது" என்று வேண்டிக்கொள்ளத் தொடங்கினான். கழித்தல் கணக்கு என்று சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பான்.

ஆடுபுலி ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை. முக்கோணத்தைக் குறுக்குக் கோடுகள் வெட்டும் அந்தக் கட்டத்தில் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் செதுக்கிய கட்டங்களைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்போம். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். எல்லா ஆடுகளும் இறங்கி முடியும் வரை எதையும் நகர்த்த முடியாது. புலியோ ஒரே நேர்க்கோட்டில் ஆட்டுக்கு அப்பால் வெற்றிடம் இருந்தால் தாண்டி வெட்டிவிடும். புலியாக ஆடுகிறவர் அடுத்த வெட்டை மட்டும் பார்த்தால் போதும். ஆடாக ஆடுகிறவர் ஒவ்வோர் ஆட்டின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதனால் எல்லாப் பிள்ளைகளும் முதலில் புலியைத்தான் கேட்பார்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாற்றிக்கொள்வது எங்கள் வீட்டில் கட்டாயம். புலியாக ஆடியபோது எந்த ஆட்டைப் பார்த்து நாக்கு ஊறியதோ, அந்த இடத்தில் இப்போது தன் ஆட்டை வைக்கக் கூடாது என்பது பக்கம் மாறிய பிறகுதான் உறைக்கிறது. எதிராளியின் கண்ணால் பார்ப்பதை இதைவிட நேரடியாகக் கற்றுத் தரும் விளையாட்டு எனக்குத் தெரியவில்லை; சதுரங்கத்தில்கூட இரு பக்கமும் ஒரே படை.

கைவேலை என்று வரும்போது முதலில் நினைவுக்கு வருவது சிக்குக் கோலம். இதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்கிவைத்தது நாம் ஆண் பிள்ளைகளுக்குச் செய்த அநியாயம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணம் போன்ற விதிகளால் விவரித்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் வாசலில் நடப்பது எவ்வளவு ஒழுங்கான சிந்தனை என்பதற்கு அது சான்று. ஆனால் வீட்டில் செய்வதற்கு ஆய்வுக் கட்டுரை எதுவும் வேண்டாம், கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

செவ்வகமாக நேர்ப்புள்ளி வையுங்கள், குறுக்கே இரண்டு, கீழாக மூன்று. விதி இரண்டே. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே கம்பி, அதாவது கோலத்தின் கோடு, ஒன்றையொன்று வெட்டிச் செல்ல வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். பென்சிலை எடுக்காமல் போனால் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்போது எல்லாப் புள்ளிகளும் சிக்கியிருக்கும்: ஒரே கம்பி. இப்போது மூன்றுக்கு மூன்று வைத்துப் பாருங்கள். கம்பி பாதியிலேயே முடிந்துவிடும். மீதியைப் போட இன்னும் இரண்டு கம்பிகள் வேண்டும். எந்தப் புள்ளி வரிசைக்கு எத்தனை கம்பி? மகள் ஒரு பட்டியல் போட்டாள்: இரண்டுக்கு மூன்று என்றால் ஒன்று, மூன்றுக்கு நான்கு என்றால் ஒன்று, இரண்டுக்கு நான்கு என்றால் இரண்டு, மூன்றுக்கு மூன்று என்றால் மூன்று. எண்கள் அடுத்தடுத்து வந்தால் மட்டும் ஒரே கம்பி என்று தீர்மானித்துவிட்டாள். மூன்றுக்கு ஐந்து போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதிலும் ஒரே கம்பிதான் வந்தது. அப்படியானால் இரண்டும் வேறு வேறு ஒற்றைப்படையாக இருந்தாலும் ஒரே கம்பி என்று மாற்றினாள். மூன்றுக்கு ஒன்பது அந்த விதியையும் உடைத்தது, மூன்று கம்பிகள் வந்தன. நான்குக்கு ஆறு போட்டபோது இரண்டு. சில நாள்களுக்குப் பின் பள்ளியில் மீப்பெரு பொதுக் காரணி நடத்தினார்கள். அன்று மாலை அவள் பழைய நோட்டைத் தேடி எடுத்தாள். ஆம், புள்ளிகளின் இரு எண்களுக்கும் பொதுவான காரணிகளில் மிகப் பெரியது எதுவோ, அத்தனை கம்பிகள்.

நான் இங்கே வியப்பது அவள் விடையைக் கண்டதை அன்று. இரண்டு முறை விதி வகுத்தாள். இரண்டு முறையும் பென்சில் கோடே அதை மறுத்தது. அழுகையோ கோபமோ இல்லாமல் மூன்றாவதைத் தேடினாள். அதே பிள்ளை, கணக்கு நோட்டில் சிவப்பு மையால் ஒரு தவறு சுழிக்கப்பட்டு வந்தால் அன்று இரவு சாப்பிட மாட்டாள்.

தீக்குச்சி வேலைகளை நான் அரவிந்த் குப்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளரான அவர், 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் ஈடுபட்டபோது, தீக்குச்சிகளை சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். குப்பையிலிருந்து பொம்மை செய்வதைப் பிள்ளைகளிடையே பரப்பிய அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. செய்முறை எளிது: மருந்தைச் சுரண்டி எடுத்த குச்சிகள், சைக்கிள் கடையில் வாங்கிய வால்வு டியூப், ஒரு கத்தரிக்கோல். டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, துண்டின் இரு முனைகளிலும் குச்சியைச் செருகினால் வளையும் மூட்டு தயார். மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்து அமுக்கிப் பாருங்கள், அசையாது. நான்கில் சதுரம் செய்து அமுக்கினால் சாய்ந்து படுத்துவிடும். அதை நிமிர்த்தி நிறுத்த என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடலாம். குறுக்கே ஒரு குச்சி வேண்டும், அதற்குத் தீக்குச்சியின் நீளம் போதாது, தென்னை ஈர்க்கை அளந்து வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர்களாகவே வந்து சேரும் இடங்கள். அடுத்தது கனசதுரம். பன்னிரண்டு குச்சியில் கட்டியதும் தொளதொளவென்று சரியும். ஆறு முகங்களுக்கும் ஒவ்வொரு குறுக்குக் குச்சி போட்டால் விறைத்து நிற்கும். ஐந்து போதாதா என்று மகன் வாதாடினான், ஐந்து போட்டு ஆட்டியும் காட்டினான், ஆடத்தான் செய்தது. இதற்குப் பிறகு ரயிலில் போகும்போது உயர் மின்கோபுரங்களையும் பாலங்களையும் பார்த்து முக்கோணம் எண்ணுகிறார்கள்.

நுங்கு வண்டி, ஓலைக் காற்றாடி, காகிதக் கப்பல் ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. இவை எல்லோரும் அறிந்தவை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: செய்து முடித்த பொருளைவிட ஓடாத வண்டியும் சுற்றாத காற்றாடியும் பிள்ளைக்கு அதிகம் தருகின்றன, ஆனால் நாம் உடனே கையில் வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிடுகிறோம். ஓலையின் மடிப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவன் பார்ப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடுகிறது.

தோற்றுப்போவதைப் பற்றியும் கேட்பார்கள். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக ஆரம்ப நிலையை மாற்றிக்கொள்ளலாம். ஆச்சி பல்லாங்குழியில் பேரனோடு ஆடும்போது தன் பக்கத்துக் குழி ஒன்றை மூடிவிட்டே தொடங்குவார். ஆடுபுலியில் சிறியவனுக்குப் புலியைத் தருவோம். இதெல்லாம் வெளிப்படையான சலுகை, அவனும் பேரம் பேசி வாங்குவது. தானாக வேண்டாம் என்று சொல்லும் நாள் வந்தால் எடுத்துவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. பள்ளி, வீட்டுப்பாடம், நம் அலுவலகம் எல்லாம் போக ஒரு முழுத் தாய ஆட்டத்துக்கு வார நாள்களில் வாய்ப்பில்லை. ஏழுக்கு ஏழு கட்டத்தில் எல்லாக் காய்களும் பழமாவதற்குள் இரவாகிவிடும். ஆகவே பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வோம். கட்டம் சாக்பீஸால் தரையில் இருக்கும், ஆனால் காலையில் பெருக்குவதற்காகக் காய்களை எடுத்துவிட வேண்டும். எந்தக் காய் எங்கே நின்றது என்று ஒரு தாளில் குறித்துவைக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்தோம். முதலில் கட்டம் முழுவதையும் படமாக வரைந்தாள். அது சலித்துப்போய், அடுத்த முறை மேலிருந்து எத்தனையாவது, இடமிருந்து எத்தனையாவது என்று இரண்டிரண்டு எண்களாக எழுதினாள். எந்த எண் முதலில் வரும் என்று எழுதாததால் மறுநாள் தம்பியின் காய் ஒன்று மலையிலிருந்து, அதாவது வெட்ட முடியாத கட்டத்திலிருந்து, நகர்ந்து வெட்டுப்படும் இடத்தில் உட்கார்ந்தது. அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை. இப்போது தாளின் தலைப்பில், மேலிருந்து எண்ணுவது முதலில் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.